மோட்டர் ஓடினால் வடக்கு மாறுகிறது

ஜூன் 8, சனி
நான் செய்த சிறிய ஆளில்லா விமானத்தை வாங்கில் இறுகக் கட்டி மோட்டரை ஓட்டிப் பார்த்தேன். காற்றாடியைக் கழற்றிவிட்டு ஓட்டினால் மோட்டர் மின்சாரத்தை அவ்வளவாக இழுக்காது, பிழையும் ஒளிந்துகொள்ளும். அதனால் காற்றாடியோடுதான் ஓட்டினேன். வேகம் கூட்டக் கூட்ட, வடக்கைப் பார்த்து நிற்கும் மூக்கு கொம்பஸ் காட்டும் திரையில் மட்டும் வடகிழக்குக்கு நழுவுகிறது. குறைத்தால் திரும்பி வருகிறது. இதை நம்பி, தானாக ஓட்டும் ஓட்டோபைலட்டிடம் கொடுத்தால் நேர்கோடு பாம்பாகத்தான் போகும்.

ஜூன் 9, ஞாயிறு
ரொறன்ரோ அண்ணை கதைத்தார். "தம்பி, சாய்வாலதான் பிழைக்குது, கொம்பஸை மட்டமா வை" என்கிறார். அங்கே அது சரியாக இருக்கலாம். அங்கே பூமியின் காந்தக் கோடுகள் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 70 பாகை சரிந்து கீழே இறங்குகின்றன. விமானம் சற்றுச் சாய்ந்தாலே, அந்தச் செங்குத்துப் பங்கு திசைக் கணக்கில் புகுந்துவிடும். யாழ்ப்பாணத்தில் நமக்கோ காந்த நடுக்கோடு கொஞ்சம் தெற்கேதான். கோடுகள் கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கின்றன. அதோடு என் விமானம் அசையவேயில்லை. "எங்க அண்ணை சாய்வு?" என்றேன். சிரித்தார்.

ஜூன் 12, புதன்
மொட்டைமாடியில் கொம்பஸுக்கு அளவுதிருத்தம் செய்வதில்லை என்று முடிவு. கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பி ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொரு வடக்கைக் காட்டுகிறது. விமானத்திலேயே உள்ள இரும்பு என்றால் அதோடு சேர்ந்து திரும்பும், அதை மென்பொருள் கழித்துவிடும். மாடிக் கம்பி திரும்பாதே! வளவுக்குள், கிணற்றடி மோட்டரையும் போனையும் விட்டுத் தள்ளி, பனையடியில் வைத்து ஆறு பக்கமும் புரட்டினேன். நின்ற நிலையில் இப்போது சுத்தமாக இருக்கிறது. மோட்டரை ஓட்டினால் பழைய கதைதான்.

ஜூன் 15, சனி
ஆக, மின்னோட்டம்தான். கணக்குப் போட்டால் யாருக்கும் விளங்கும்: ஒற்றை வயரில் 20 ஆம்பியர் ஓடினால், 5 சென்ரிமீற்றர் தள்ளி 80 மைக்ரோடெஸ்லா. இங்கே பூமியின் காந்தப்புலமே ஏறத்தாழ 40தான்! கொம்பஸோ பற்றரி வயருக்குப் பக்கத்திலேயே இருந்தது. போகும் வயரையும் வரும் வயரையும் முறுக்கிச் சேர்த்தேன், ஒன்றின் புலத்தை மற்றது கொல்லும். கொம்பஸை உடலிலிருந்து எடுத்து ரெஜிபோம் சிறகின் நடுப்பக்கம் பதித்தேன்.

அதைப் பூட்ட ஸ்ரான்லி வீதியில் வாங்கிய "பித்தளை" ஆணிகளில் பாதி காந்தத்தில் ஒட்டிக்கொண்டன. முலாம்! கடைக்குப் போகிறவர்கள் சட்டைப்பையில் ஒரு காந்தத்துண்டு வைத்திருங்கள். கடைசியில் நைலோன் ஆணிதான் போட்டேன்.

ஜூன் 18, செவ்வாய்
முழு வேகத்தில் 25 பாகை வரை ஓடிய பிழை இப்போது 4க்குள். மிச்சத்தை, மின்னோட்டத்தை அளந்து ஈடுசெய்யும் அமைப்பு பார்த்துக்கொள்ளும். இங்கே காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள 2 பாகையளவு வித்தியாசத்தை ஜிபிஎஸ் இடத்தை வைத்து மென்பொருளே சரிசெய்கிறது.

"பேசாம கொம்பஸை நிப்பாட்டு, ஜிபிஎஸ் போதும்" என்கிறார் அண்ணை. பறக்கத் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் போதும்தான். தரையில் நிற்கும்போது மூக்கு எந்தப் பக்கம் என்று ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது. போதாததற்குச் சோளகக் காற்று வேறு பிடித்துத் தள்ளுகிறது: மூக்கு ஒரு பக்கம், ஜிபிஎஸ் காட்டும் பாதை இன்னொரு பக்கம். நான் நிப்பாட்டப் போவதில்லை.

பலாலி விமான நிலையம் கிட்ட இருப்பதால் அனுமதி கைக்கு வரும்வரை பறக்கவிடப் போவதுமில்லை. அதுவரை வால் தட்டைத் திருப்பும் சிறு மோட்டரான சேர்வோவின் நடுக்கத்தைப் பார்க்கலாம்.