கழுத்து வலியும் சிறுத்த கண்பாவையும்

இயன்முறைச் சிகிச்சைக்குக் கழுத்து வலியோடு வருபவர்களில் பெரும்பாலோருக்குத் தசைப்பிடிப்போ எலும்புத் தேய்மானமோதான் காரணம் என்பதால், கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்து வந்திருப்பவரை அவர்களிடையே அடையாளம் காண்பது கடினம். நாற்பது வயதை ஒட்டிய ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் வந்தபோது, "கழுத்து வலி எனக்குப் புதுசில்லைங்க, ஆனா இந்த மாதிரி வலி வந்ததே இல்லை" என்று சொன்னதுதான் என்னை நிறுத்தியது. இடப்பக்கத் தாடைக்குக் கீழே திடீரெனத் தொடங்கிய வலி நெற்றிப்பொட்டு வரை ஏறியிருந்தது. சலூனில் கழுத்தைச் சொடுக்கு எடுத்துவிட்டதாகவும் சொன்னார். அதனால்தான் கிழிந்தது என்று உறுதியாகக் கூற முடியாது. ஏற்கெனவே கிழிந்ததால் வந்த வலிக்காகவே சொடுக்கு எடுத்துக்கொள்பவர்களும் உண்டு.

தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்குவதில் சிரமம் எதுவும் இல்லை என்றார். இரத்த அழுத்தம் பார்த்த பிறகு முகத்தைக் கவனித்தேன். இட இமை சற்றே இறங்கியிருந்தது. அறையின் விளக்கை அணைத்ததும் வலக்கண் பாவை விரிந்தது. இடப்பாவை சிறுத்தபடியே இருந்தது. பாவையை விரிக்கும் நரம்பு இழைகள், கழுத்தின் வழியே மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனியின் சுவரை ஒட்டியே மேலேறுவதால், அந்தச் சுவருக்குள் இரத்தம் புகுந்து வீங்கும்போது இவ்வாறு நேரும். தலையைப் பின்னால் சாய்த்துத் திருப்பி மயக்கம் வருகிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை நான் செய்வதில்லை: அது நம்பத்தக்கதல்ல, கிழிந்த தமனிக்கு நல்லதுமல்ல. கழுத்தில் கை வைக்காமல், கண்டவற்றை வரிசையாக எழுதி உடனே மருத்துவமனைக்கு அனுப்பினேன்.

அங்கே எடுத்த சாதாரணத் தலை சிடி ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று கூறி, வலி மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பவிருந்தார்கள். தமனியின் உட்புறம் அந்த ஸ்கேனில் தெரியாது என்பதால், பணியிலிருந்த மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, கண்பாவையைப் பற்றி மீண்டும் விளக்கி, இரத்தக் குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோகிராம் எடுக்குமாறு கேட்டுக்கொண்டேன். அதில் இடப்பக்க உட்கரோட்டிட் தமனி மண்டையோட்டின் அடிப்பகுதியை நெருங்கும் இடத்தில் குறுகியிருந்தது. எம்ஆர்ஐயில் சுவருக்குள் பிறை வடிவில் இரத்தம் தெரிந்தது.

அங்கே உறையும் இரத்தம் மூளைக்குச் சென்று பக்கவாதம் வராமலிருக்க நரம்பியல் மருத்துவர் ஆஸ்பிரின் தொடங்கினார். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 250 பேரிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்பிரின் வகை மருந்துக்கும் வலிமையான உறைவெதிர்ப்பு மருந்துக்கும் இடையே தெளிவான வேறுபாடு தெரியவில்லை. சில மாதங்கள் கழித்து எடுத்த ஸ்கேனில் தமனி பெரும்பாலும் விரிந்துவிட்டது. இடப்பாவை மட்டும் இன்னும் சற்றுச் சிறியதாகவே இருக்கிறது. சொடுக்கு எடுப்பதற்கு நரம்பியல் மருத்துவர் தடை விதித்திருக்கிறார்.