வந்து, வனமது: தமிழ்ச் சொற்களுக்கு ஒரு வேகமான ஹேஷ்

ஜாவா நிரல்மொழியில் 'வந்து' என்ற சொல்லுக்கு ஹேஷ்கோடு (சொல்லின் எழுத்துகளிலிருந்து கணக்கிடும் ஓர் எண்) எடுத்துப் பாருங்கள், அப்புறம் 'வனமது' என்ற சொல்லுக்கும் எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே எண். 'சிந்து', 'சினமது' இரண்டும் ஒரே எண். 'மந்தை', 'மனமதை' இரண்டும் ஒரே எண். இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வேளச்சேரியில் வீட்டில் உட்கார்ந்து தாளில் பெருக்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டபோது, இரண்டு வாரமாக நான் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன் என்பது புரிந்தது.

தொடங்கியது இப்படி. எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் திருவல்லிக்கேணியில் சின்னதாக டிடிபி சென்டர் வைத்திருக்கிறார், புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பதும் மெய்ப்புப் பார்ப்பதும் அவர் வேலை. கோப்பைக் கொடுத்தால் சந்தேகமான சொற்களை மட்டும் எடுத்துக் காட்டும் ஒரு நிரல் வேண்டும் என்று கேட்டார். ஒரு லட்சம் சொற்களை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, கோப்பில் வரும் ஒவ்வொரு சொல்லும் பட்டியலில் இருக்கிறதா என்று தேட வேண்டும், அவ்வளவுதான். அவருடைய கணினி பழசு என்பதால், சொல்லை எண்ணாக்கும் ஹேஷ் ஃபங்ஷனை நானே எழுதலாம், வேகமாக எழுதலாம் என்று முடிவு செய்தேன்.

அந்த எண்ணை வைத்துச் சொற்களை அறை அறையாகப் பிரித்து வைப்பதுதான் ஹேஷ் டேபிள், தபால் பிரிக்கும் இடம் போல. கடிதத்தின் மேல் உள்ளதை வைத்து எந்த அறையில் போடுவது என்று ஒரே பார்வையில் முடிவு செய்ய வேண்டும். ஆனால் சென்னைக்குள் பிரிக்கும்போது பின்கோடின் முதல் மூன்று இலக்கத்தைப் பார்த்துப் பிரித்தால் என்ன ஆகும்? திருவல்லிக்கேணி 600005, தி.நகர் 600017, வேளச்சேரி 600042, எல்லாம் ஒரே அறையில் குவியும். எவ்வளவு வேகமாகப் பார்த்தாலும் பயனில்லை, பார்த்த இடத்தில் தகவலே இல்லை. நான் செய்தது கிட்டத்தட்ட இதைத்தான், பிட் அளவில்.

என் முதல் ஃபங்ஷன் சொல்லை எட்டு எட்டு பைட்டாக எடுக்கும் (கடைசியில் குறைந்தால் பூஜ்யம் நிரப்பும்), இதுவரை உள்ள மதிப்போடு எக்ஸ்-ஆர் செய்யும் (பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு, வேறாக இருந்தால் 1, ஒன்றாக இருந்தால் 0), ஒரு பெரிய ஒற்றைப்படை எண்ணால் பெருக்கும். முடிவில் கீழ் 17 பிட்டை எடுத்தால் 1,31,072 அறைகளில் ஒன்று. சீரற்ற எண்களைக் கொடுத்துச் சோதித்தேன், அழகாகப் பரவியது. அதை நம்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அண்ணன் போன் செய்து, "தம்பி, நீ முதல்ல கொடுத்ததே இதைவிட வேகமா இருந்துச்சே" என்றார். முதலில் கொடுத்தது வரிசைப்படுத்திய பட்டியலில் பாதி பாதியாகத் தேடும் சாதாரண நிரல்.

கோப்பில் எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்து எப்படி இருக்கிறது என்று பார்த்தால் காரணம் கண்முன் நிற்கிறது. தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் (எழுத்துக்கோ, துணைக்கால், புள்ளி போன்ற குறிக்கோ யூனிகோடு தரும் எண்) மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175, வேறு எதுவும் கிடையாது. மூன்றாவது 128 முதல் 191 வரை. ஆக 24 பிட்டில் உண்மையான தகவல் 7 பிட்தான். உயிரெழுத்தும் மெய்க்கான எழுத்துகளும் 174 பக்கம் இருக்கின்றன. துணைக்கால், இகரக்குறி தவிர மற்ற உயிர்க்குறிகளும் புள்ளியும் 175 பக்கம்.

இப்போது என் ஃபங்ஷன். இன்டெல் வகைச் சிப்பில் எட்டு பைட்டை ஒரே எண்ணாக எடுத்தால் முதல் பைட் கீழ்ப்பக்கம் உட்காரும். அதாவது எந்தத் தமிழ்ச் சொல்லாக இருந்தாலும் அந்த எண்ணின் கீழ் 16 பிட் 224, 174 என்ற அதே இரண்டு பைட். பெருக்கல் தகவலை மேலே மட்டுமே நகர்த்தும், கீழே இறக்காது. பள்ளிக் கணக்கிலேயே இது தெரியும்: 27ஐ 43ஆல் பெருக்கினாலும் 9127ஐ 43ஆல் பெருக்கினாலும் கடைசி இலக்கம் 1தான், முன்னால் இருக்கும் 91 அதைத் தொடவே தொடாது. அதனால் கீழ் 17 பிட்டை எடுக்கும் என் டேபிளில், இரண்டு குறியெண் கொண்ட 'பூ', 'தீ' போன்ற சின்னச் சொற்கள் எல்லாம் மொத்தம் இரண்டே அறைகளில். ஐந்து குறியெண் கொண்ட சொற்களுக்கு (காரம், பாதம் போன்றவை) அடுத்த எட்டு பைட்டும் கொஞ்சம் சேரும், அப்போதும் அதிகபட்சம் 256 அறை. ஒரு லட்சத்து முப்பத்தோராயிரம் அறை கட்டிவைத்து, இந்த அளவுச் சொற்களை எல்லாம் 256இல் அடைத்திருக்கிறேன். சீரற்ற எண்களில் இது தெரியாததற்குக் காரணம் எளிது. கீ (ஹேஷ் ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் சொல் அல்லது எண்) ஏற்கெனவே கலைந்திருந்தால் எந்த மோசமான ஃபங்ஷனும் நல்லதாகத்தான் தெரியும்.

மற்றவர்கள் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பழைய ஃபங்ஷன்களைத் தமிழ்ச் சொற்களோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தது அதற்குப் பிறகுதான். எல்லா பைட்டையும் கூட்டுவது எல்லாவற்றையும்விட எளிது. ஆனால் 'ராகம்', 'காரம்' இரண்டிலும் அதே ஐந்து குறியெண்கள், வரிசை மட்டும் வேறு. கூட்டினால் ஒரே எண். தாகம், காதம் அப்படியே. மலர், மரல் அப்படியே. இது போதாதென்று, ஒரு குறியெண்ணின் மூன்று பைட்டைக் கூட்டினால் 526க்கும் 590க்கும் நடுவில்தான் வரும், எனவே ஐந்து குறியெண் சொல் எல்லாம் 2630க்கும் 2950க்கும் நடுவில் அடங்கிவிடும். டேபிளை எவ்வளவு பெரிதாக்கினாலும் மீதி அறைகள் காலியாகவே கிடக்கும்.

வரிசையைக் கணக்கில் எடுக்கத்தான் 31, 33 என்று பெருக்கிக்கொண்டே போகும் முறை வந்தது. டேனியல் பெர்ன்ஸ்டைன் பெயரால் வழங்கும் டிஜேபி2, 5381இல் தொடங்கி ஒவ்வொரு பைட்டுக்கும் 33ஆல் பெருக்கிக் கூட்டும். 33 என்பது 32 கூட்டல் 1, அதனால் கீழ் ஐந்து பிட்டைப் பொறுத்தவரை 33ஆல் பெருக்குவது 1ஆல் பெருக்குவதுதான். ராகமும் காரமும் அந்த ஐந்து பிட்டில் மறுபடி ஒன்றாகிவிடுகின்றன.

ஜாவா 31ஐ வைத்திருக்கிறது, பைட்டாக இல்லாமல் 16 பிட் அலகாக எடுக்கிறது. 'வந்து'வின் நடுவில் இருப்பது ந (2984), புள்ளி (3021). 'வனமது'வில் அந்த இடத்தில் ன (2985), ம (2990). 2984ஐ 31ஆல் பெருக்கி 3021ஐக் கூட்டினால் 95,525. 2985ஐ 31ஆல் பெருக்கி 2990ஐக் கூட்டினாலும் 95,525. ந-வுக்கு அடுத்த எண் ன, புள்ளிக்கு 31 எண் முன்னால் ம, இதுதான் விஷயம். ஆங்கிலத்தில் இதே காரணத்தால் 'ஏ' பெரிய எழுத்தும் 'ஏ' சின்ன எழுத்தும் சேர்ந்தது இரண்டு பெரிய 'பி'யோடு மோதும் (இரண்டுக்கும் ஒரே எண் வரும்), அது எல்லோரும் சொல்லும் எடுத்துக்காட்டு. தமிழில் துணைக்காலுக்கு 31 எண் முன்னால் ட இருக்கிறது, அதனால் 'லா'வும் 'ளட'வும் ஒன்று, 'யா'வும் 'ரட'வும் ஒன்று. தமிழ்க் குறியெண்கள் எழுபத்தைந்துக்கும் மேற்பட்ட எண் அகலத்துக்குப் பரவி இருக்கும்போது பெருக்கும் எண் 31ஆக இருந்தால் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் ஒன்றின் இடத்தில் ஒன்று ஏறத்தான் செய்யும். ஜாவாவில் இந்தச் சூத்திரம் ஆவணத்திலேயே எழுதப்பட்டுவிட்டது, இனி மாற்ற முடியாது.

அதே ஜாவாவின் தொடக்கப் பதிப்புகளில் நீளமான சரம் (எழுத்துத் தொடர்) என்றால் எல்லா எழுத்தையும் பார்க்காமல் இடைவெளி விட்டுச் சிலவற்றை மட்டும் எடுத்தார்கள். இணைய முகவரிகள் ஒன்றோடொன்று மோதித் தள்ளின, 1.2 பதிப்பில் விட்டுவிட்டார்கள். நமக்கு அந்த முறை இன்னும் ஆகாது. படித்தேன், படித்தாய், படித்தார்கள் என்று முன்பகுதி ஒன்றாக இருக்கும். வீடுகளுக்கு, மரங்களுக்கு என்று பின்பகுதி ஒன்றாக இருக்கும். எந்த ஓரத்தை வெட்டினாலும் நஷ்டம்.

சரி, அப்படியானால் எப்படிக் கலப்பது? பெருக்கல் மேலே தள்ளுகிறது என்றால் ஒன்று மேல் பிட்டுகளை எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மேலே இருப்பதைக் கீழே இறக்க வேண்டும். டொனால்ட் க்னூத் விளக்கிய முறை முதல் வகை: 32 பிட்டுக்கு 2654435769 என்ற எண்ணால் பெருக்கு, அது 2இன் 32ஆம் அடுக்கைப் பொன்விகிதத்தால் வகுத்தது, அப்புறம் வேண்டிய அளவு மேல் பிட்டுகளை எடு. ஆஸ்டின் ஆப்பிள்பி 2008இல் வெளியிட்ட மர்மர்ஹேஷ் இரண்டாம் வகை. அதன் மூன்றாம் பதிப்பின் 32 பிட் முடிப்பில் 16 பிட் இறக்கி எக்ஸ்-ஆர், பெருக்கல், 13 பிட் இறக்கி எக்ஸ்-ஆர், பெருக்கல், மறுபடி 16 பிட் இறக்கி எக்ஸ்-ஆர். இந்த ஐந்தே படியில் உள்ளே ஒரு பிட் மாறினால் வெளியே ஏறக்குறைய பாதி பிட் மாறுகிறது. இந்தப் படிகள் ஒவ்வொன்றையும் திருப்பிச் செய்ய முடியும் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பெருக்கும் எண் ஒற்றைப்படையாக இருக்கும்வரை இரண்டு வேறு எண்கள் ஒன்றாக மாறவே முடியாது, தகவல் எங்கேயும் சிந்துவதில்லை. என் பிழை பெருக்கலில் இல்லை, பெருக்கிய பிறகு தகவல் போகாத பக்கத்தை அள்ளியதில் இருந்தது.

வேகம் என்று சொல்லும்போதும் எதை அளக்கிறோம் என்று பார்க்க வேண்டும். 1991இல் ஃபௌலரும் வோவும் முன்வைத்து, பிறகு நோல் மேம்படுத்திய எஃப்என்வி நல்ல ஃபங்ஷன், இரண்டு வரியில் எழுதிவிடலாம். ஆனால் ஒவ்வொரு பைட்டும் முந்தைய பெருக்கல் முடியக் காத்திருக்கும், ஒரு பெருக்கலுக்கு 3, 4 சுழற்சி (சிப்பின் கடிகாரத் துடிப்பு). ஐந்து குறியெண் சொல் நமக்கு 15 பைட், ஆக 60, 70 சுழற்சி போய்விடும். தமிழ் யூடிஎஃப்-8இல் மூன்று மடங்கு நீளம் என்பதால் பைட் பைட்டாகப் போகும் ஃபங்ஷன்கள் எல்லாம் நமக்கு மூன்று மடங்கு செலவு. யான் கொலே 2012இல் வெளியிட்ட எக்ஸ்எக்ஸ்ஹேஷ் மாதிரியானவை பெரிய துண்டுகளாக எடுப்பது இதற்காகத்தான். இன்னொரு பக்கம், டேபிள், சிப்புக்குள் இருக்கும் சின்ன நினைவகமான கேஷில் அடங்காமல் ரேமுக்குப் போய்வந்தால் ஒரு தடவைக்கே நூறு நானோவினாடியை நெருங்கும், ஹேஷில் பத்து சுழற்சி மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் கரைந்துவிடும். மோதலைக் குறைப்பதும் வேகம்தான்.

மோதலே இல்லாமல் செய்ய முடியாது, அதையும் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு லட்சம் சொற்களை 1,31,072 அறையில் முழுக்கச் சீரற்றுப் போட்டாலும் ஏறக்குறைய 61,000 அறை காலியாக இருக்கும், அதிகக் கூட்டமான அறையில் ஏழெட்டுச் சொல் இருக்கும். இதற்கு அருகில் வந்துவிட்டால் ஃபங்ஷனை மேலும் நோண்டத் தேவையில்லை.

கீயை வெளியாள் கொடுக்கும் இடமாக இருந்தால் கதை வேறு. மோதும் கீக்களாகப் பொறுக்கி அனுப்பி ஒரு சர்வரையே முடக்கலாம் என்பதை க்ராஸ்பியும் வாலக்கும் 2003இலேயே காட்டினார்கள், 2011 இறுதியில் பல நிரல்மொழிகளில் எழுதிய வலைத்தளங்களுக்கு அது பொருந்தும் என்று தெரியவந்தது. 2012இல் வந்த சிப்ஹேஷ் ரகசியத் திறவுகோல் ஒன்றை வைத்து அதைத் தடுக்கிறது, பைத்தான் 3.4இலிருந்து அதற்கு மாறியது. அப்படிப்பட்ட இடத்தில் வேகத்தைப் பார்க்காமல் அதையே போடுங்கள். அண்ணன் கடையில் கோப்பைக் கொடுப்பவர்கள் எழுத்தாளர்கள், எனக்கு அது தேவைப்படவில்லை.

கடைசியில் நான் செய்தது தமிழுக்கு மட்டும் பொருந்தும் ஒன்று. 24 பிட்டில் 7 பிட்தான் தகவல் என்றால் அந்த ஏழை மட்டும் எடுத்து அடுக்கினால் ஒன்பது குறியெண் 63 பிட், ஒரே 64 பிட் எண்ணில் அடங்கிவிடும். தமிழ்ப் பகுதியின் முதல் எண்ணுக்கு யூனிகோடில் எழுத்தே ஒதுக்கவில்லை, அதனால் பூஜ்யத்தை 'இங்கே எதுவும் இல்லை' என்பதற்கு வைத்துக்கொள்ளலாம். நீளமான சொற்களுக்கு இரண்டு, மூன்று எண். பிறகு மேல் பாதியைக் கீழே இறக்கி எக்ஸ்-ஆர், ஒரு பெருக்கல், மேல் 17 பிட். சொல்லும் சொல்லும் ஒன்றா என்று ஒப்பிடுவதுகூட எண்ணுக்கு எண் ஒப்பிடுவதாகிவிட்டது. நடுவில் ஆங்கில எழுத்து வந்தால் மட்டும் பொதுவான ஹேஷுக்குப் போகும்.

இது ஓடத் தொடங்கிய பிறகும் அண்ணன், "கொடு, போனான் எல்லாம் தப்புன்னு காட்டுதே" என்றார். கோப்பு பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியது. அதில் 'கொ' என்பது க, ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று மூன்று குறியெண்ணாக இருந்தது. என் பட்டியலில் க, ஒகரக்குறி என்று இரண்டு. திரையில் ஒன்றேபோல் தெரியும், யூனிகோடும் இரண்டும் சமம் என்றே சொல்கிறது, ஆனால் ஹேஷ் பார்ப்பது எண்ணை மட்டும். இப்போது 7 பிட்டாக அடுக்கும் அதே சுற்றில் கொம்பைப் பார்த்ததும் அடுத்தது துணைக்காலா என்று பார்த்துச் சேர்த்துவிடுகிறேன், தனியாக ஒரு சுற்று தேவைப்படவில்லை. 'ஔவை'யை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டிவைத்திருப்பதை மட்டும் இப்படிச் சேர்க்க முடியாது, ள உண்மையாகவே ள-வாக வரும் 'ஒளி'யும் 'ஒளவை'யும் முதல் இரண்டு எழுத்தில் ஒன்றுதான். அப்படிப்பட்ட சொற்களைத் தனிப் பட்டியலாக எழுதித் தருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார்.