தூண்களில் எஞ்சிய கைகள்

இத்தாலியில் குடியேறியவர்கள் ரோம், வெனிஸ் என்று ஓடுவது இயல்புதான். ஆனால் எங்களைப் போல போலோஞாவில் வசிப்பவர்களுக்கு, ஒன்றேகால் மணி நேர ரயில் பயணத்தில் வரும் ராவென்னாவே ஒருநாள் உலாவுக்கு உகந்த ஊர் என்பேன். வட்டார ரயிலுக்குத் தாள் பயணச்சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன் நிலையத்திலுள்ள சிறு இயந்திரத்தில் அதற்கு முத்திரை பெற மறக்கக் கூடாது, தவறினால் அபராதம்.

கி.பி. 402இல் மேற்கு ரோமானியப் பேரரசின் தலைநகரான இவ்வூரை இன்று நடந்தே சுற்றிவிடலாம். 547இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் வித்தாலே தேவாலயத்தில் கிழக்கு ரோமானிய, அதாவது பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியனும் அரசி தியோடோராவும் பரிவாரங்களுடன் மொசைக் எனப்படும் வண்ணச் சில்லுகள் பதித்த சித்திரங்களாக நிற்கிறார்கள். ஜஸ்டினியன் இந்த ஊருக்கு ஒருமுறைகூட வந்ததில்லை என்பதுதான் வேடிக்கை.

எனினும் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது சான்ட் அப்போலினாரே நுவோவோ. ஜெர்மானிய இனத்தவரான கோத்தியர்களின் அரசர் தியோடோரிக் தம் அரண்மனைக்கென எழுப்பிய தேவாலயம் இது. அவர் பின்பற்றியது, இயேசு தந்தையாகிய கடவுளுக்குச் சமமல்லர் என்று போதித்த ஆரியஸின் வழிக் கிறித்தவம். அதை ஏற்காத பைசாந்தியர்கள் 540இல் நகரைக் கைப்பற்றினர். பின்னர், தேவாலயச் சுவரிலுள்ள அரண்மனைச் சித்திரத்தில் தூண்களுக்கிடையே நின்றிருந்த உருவங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, அவ்விடங்களில் வெண்திரைகள் பதிக்கப்பட்டன. வெள்ளைத் தூண்களின் மேல் படிந்திருந்த கைகளை மட்டும் விட்டுவிட்டார்கள். அண்ணாந்து கவனித்துப் பார்த்தால், திரைக்குப் பின்னால் ஆளே இல்லாமல், தூணின் மீது விரல்களும் முன்கையும் மட்டும் தெரிகின்றன. அழித்தவர்களின் அவசரமா, தூணைக் கெடுக்க மனமில்லாத தொழிலாளியின் சிக்கனமா என்று கீழே நின்று யோசித்துக்கொண்டேயிருந்தேன்.

மதிய உணவு, இப்பகுதிக்கே உரிய பியாதீனா என்னும் தட்டை ரொட்டி. மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது மரபு என்பதால், வேண்டாதவர்கள் ஆலிவ் எண்ணெயில் பிசைந்ததாகக் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியாகத் தாந்தேயின் சமாதி. 1302இல் ஃபிளாரன்ஸிலிருந்து நாடு கடத்தப்பட்ட கவிஞர் 1321இல் இங்கேதான் இறந்தார். 1519இல் திருத்தந்தையின் அனுமதியோடு ஃபிளாரன்ஸ்காரர்கள் எலும்புகளைக் கேட்டு வந்தபோது பெட்டி காலியாக இருந்தது. பிரான்சிஸ்கன் துறவிகள் முன்கூட்டியே அவற்றை ஒளித்துவிட்டார்கள். 1865இல்தான் அவை வெளிப்பட்டன. சமாதியில் எரியும் விளக்குக்கு ஆண்டுதோறும் ஃபிளாரன்ஸ் நகரமே எண்ணெய் கொடுத்து வருகிறது. ஊரைவிட்டு விரட்டியவர்களிடம் ராவென்னா இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டு வாங்கியிருக்கலாம்.