பிரதியை உரக்க வாசிக்கும் வேலை

சென்னையில் புதிய நாடகாசிரியர்களின் பிரதிகளை மேடைக்கு ஏற்றவாறு செம்மைப்படுத்த உதவும் சிறு குழுவொன்றில் வாசிப்புகளை ஒருங்கிணைப்பது என் பொறுப்பு. எங்களுக்குச் சொந்த அரங்கம் கிடையாது. ஒரு மொட்டைமாடி அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஜெராக்ஸ் எடுத்த பிரதிகள், அலுவலகம் முடிந்து வந்து சேரும் நடிகர்கள், அவ்வளவுதான். வாசிப்பு முடியும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்ற விதியை மட்டும் கண்டிப்பாகப் பின்பற்றுகிறோம். நாடகம் நடக்கும்போது பார்வையாளரின் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்ல ஆசிரியர் வரப்போவதில்லை அல்லவா?

சிறுகதை எழுதிப் பழகியவர்களின் பிரதிகளில் பாத்திரங்கள் அளவுக்கு மீறிப் பேசுவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். ஓர் இளைஞரின் நாடகத்தில், வேலை போனதை மறைக்கும் கணவனிடம் மனைவி ஒன்றரைப் பக்கத்துக்குத் தன் மனக்குறையைக் கொட்டியிருந்தாள். அதை வாசித்த நடிகை, இன்னொரு முறை முயன்று பார்க்க அனுமதி கேட்டு, நாற்காலியில் கிடந்த சட்டையை எடுத்து, காலரை நீவி, பொறுமையாக மடித்துவிட்டு, "நாளைக்கு இது வேணுமா?" என்று மட்டும் கேட்டார். அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அவளுக்கு உண்மை தெரியும் என்பது விளங்கிவிட்டது. அந்த இளைஞர் எதுவும் பேசாமல் பென்சிலை எடுத்து அந்தப் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டார்.

1958இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் தொடங்கிய எழுத்தாளர் குழு, நடித்துக் காட்டக்கூடிய எதையும் விவாதிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தது. எட்வர்ட் பாண்ட், ஆர்னால்டு வெஸ்கர் போன்றோர் அதில் பங்கேற்றனர். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நடிகர்களை உருவாக்கிய அளவுக்கு, நாடகாசிரியர்களை உருவாக்கும் அமைப்புகள் தமிழில் வேரூன்றவில்லை என்பது என் கணிப்பு.

ஆனால், நீண்ட வசனம் என்றாலே வெட்டு என்று சொல்லும் குழு எழுத்தாளருக்குக் கெடுதலே செய்யும். நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சனின் 'மா ரெய்னீஸ் பிளாக் பாட்டம்' நாடகம் 1982இல் அமெரிக்காவின் யூஜீன் ஓநீல் நாடக மையத்தில் பட்டை தீட்டப்பட்டு, 1984இல் நியூயார்க்கின் பிராட்வே மேடைக்குச் சென்றது. அதில் லெவீ என்ற எக்காளக் கலைஞன் தன் தாய்க்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லும் நெடும்பேச்சை எடுத்துவிட்டால், இறுதியில் அவன் கையிலெடுக்கும் கத்திக்குக் காரணமே இல்லாமல் போகும். ஆகவே, "இதைச் சுருக்குங்கள்" என்று யாராவது ஆரம்பித்தால் நான் இடைமறித்து, எந்த இடத்தில் கவனம் சிதறியது என்பதை மட்டும் சொல்லச் சொல்கிறேன். கருத்துச் சொல்வதில் நம்மவர்களுக்கு இருக்கும் ஆர்வத்தைக் கட்டுப்படுத்துவதுதான், உண்மையில், இந்த வேலையிலேயே கடினமான பகுதி.

அந்த இளைஞரின் அடுத்த வரைவில் மனைவிக்கு மறுபடியும் ஒரு நீண்ட பேச்சு இருந்தது. இம்முறை அவள் பேசுவது கணவனிடம் அல்ல; தன் மகனுக்கு என்ன ஆயிற்று என்று விசாரிக்கும் மாமியாரிடம், அவனைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லும் பொய்யாக அது மாறியிருந்தது. அதில் ஒரு வரியைக்கூட எடுக்கும்படி எவரும் சொல்லவில்லை.