மூன்று பிப்பின்களும் எங்கள் வரலாற்று சேரும்

உயர்தர வகுப்பில் எங்களோடு ஐரோப்பிய வரலாறு படித்தவர்களுக்கு அந்தக் கரும்பலகை நினைவிருக்கும். இன்றைய பிரான்ஸ், ஜேர்மனிப் பகுதிகளை ஆண்ட பிராங்கியர் பற்றிய பாடம் தொடங்கிய அன்று எங்கள் ஆசிரியர், நாங்கள் சேர் என்று கூப்பிடுபவர், பலகை நிறைய ஒரு வம்சாவளி வரைந்தார். அதில் மூன்று பிப்பின், இரண்டு சார்ள்ஸ். யார் யாருடைய மகன் என்று எங்களுக்குத் தலை சுற்றியது.

சேர் வெண்கட்டியை வைத்துவிட்டு, "பேரன் என்ற சொல் எதிலயிருந்து வந்தது?" என்று கேட்டார். பேர் கொண்டவன் பேரன். "இவையளும் அப்பிடித்தான்" என்றார்.

முதல் பிப்பின், பிராங்கியரின் கிழக்கு அரசான ஆஸ்திரேசியாவின் அரண்மனை மேயர், அதாவது அரசரின் பேரில் ஆட்சியை நடத்தியவர். 640இல் இறந்தார். அவருடைய மகள் பெக்கா, மெற்ஸ் நகர ஆயர் ஆர்னுல்ஃபின் மகனைக் கட்டினார். பிறந்த பிள்ளைக்கு அம்மப்பாவின் பேர். அவர்தான் இரண்டாம் பிப்பின். இந்த இடத்தில் சேர் நின்று நிதானமாகப் பேசினார். முதல் பிப்பினின் மகன் கிரிமோல்ட் அவசரப்பட்டுத் தன் பிள்ளையை அரசனாக்கப் போய் உயிரை விட்டார். ஆண்வழி அதோடு சரி. குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது மகள் வயிற்றுப் பேரன். "பெக்காவை விட்டிட்டு இந்த வரலாற்றை எழுதாதேங்கோ" என்றார்.

இரண்டாம் பிப்பின் 687இல் தெர்த்ரி போரில் வென்று தலையெடுத்தார். 714இல் அவர் கண்மூடியதும், மேயர் பதவி தன் பேரனுக்கே போகவேண்டுமென்று மனைவி பிளெக்ட்ரூட், பிப்பினின் இன்னொரு துணைவி அல்பைடாவுக்குப் பிறந்த சார்ள்ஸைச் சிறை வைத்தார். தப்பி வந்து எல்லாரையும் வென்ற அந்த மகன்தான் சார்ள்ஸ் மார்ட்டல். முஸ்லிம் படையை அவர் தோற்கடித்த 732 போரைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 737. அந்த ஆண்டு அரசர் இறந்தபோது மார்ட்டல் வேறொருவரை அரசராக்கவே இல்லை. 741இல் தான் சாகும்வரை சிம்மாசனத்தை வெறுமையாக விட்டே நாட்டை நடத்தினார்.

பிறகும் ஓர் அரசரை உட்கார்த்தினார்கள்தான். ஆனால் 751இல், பாப்பரசர் சக்கரியாவின் சம்மதத்தோடு, மார்ட்டலின் மகன் மூன்றாம் பிப்பின் அரச கிரீடத்தை எடுத்துக்கொண்டார். இவருக்கு அப்பப்பாவின் பேர். பழைய அரச வம்சமான மெரோவிங்கியரின் கடைசி அரசரின் நீண்ட தலைமுடியை வெட்டி மடத்துக்கு அனுப்பினார்கள். அந்த நீள முடிதான் அவர்களுடைய அரச அடையாளம். பிப்பினின் மூத்த மகனுக்கும் அப்பப்பாவின் பேர்தான். 800ஆம் ஆண்டு நத்தாரன்று ரோமில் பேரரசராக முடிசூடிய சார்ள்மேன் அவர்.

பாரிசுக்கு வந்து பல வருடங்கள் கழித்துத்தான், எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலுக்கு வடக்கே சான்-டெனி தேவாலயத்தில் இவர்கள் கிடக்கிறார்கள் என்பது மனதில் பட்டது. மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். மார்ட்டல், பிப்பின், அவர் மனைவி பேர்த்தா எல்லாரும் கல்லில் படுத்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் ஒன்பதாம் லூயி செய்வித்த சிலைகள். பாப்பரசர் இரண்டாம் ஸ்தேவான் 754இல் பிப்பினுக்கும் சிறுவன் சார்ள்ஸுக்கும் அரசராக்கும் சடங்காக எண்ணெய் பூசியதும் சான்-டெனியில்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இவர் யார் அப்பா?" என்று மகன் பிப்பினைக் காட்டிக் கேட்டான். அவனுக்கு என் அப்பாவின் பேர். "உன்னைப்போல அப்பப்பான்ர பேர் வைச்சவர்" என்றேன்.

அந்த நாள் கொப்பி இடம்பெயர்வில் தொலைந்துபோனது. அன்று இரவு ஒரு தாளை எடுத்து நினைவிலிருந்து அவனுக்கு வரைந்து காட்டினேன். பெக்காவிலிருந்து தொடங்கினேன்.