ஏசியை எத்தனை மணிக்கு அணைப்பீர்கள்?

மீன் தொட்டிக்குள் தண்ணீரிலேயே செடி வளர்க்கும் ‘செடித் தொட்டி’ அமைக்கக் கூப்பிட்டால், போன இடத்தில் நான் முதலில் கேட்பது இதைத்தான். மீனைப் பற்றியோ செடியைப் பற்றியோ கேட்பேன் என்று காத்திருப்பவர்கள் கொஞ்சம் விழிப்பார்கள். இந்தக் கேள்வி எனக்கு ஒரு மே மாதத்தில் வந்தது.

அப்போது கொளத்தூரில் ஒரு மீன் கடையில் வேலை. ஜப்பானின் தகாஷி அமானோ அமைத்த தொட்டிகளின் படங்களைப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் அதுவே நின்றது. அவருடைய தொட்டிகளுக்கு மேலே மெட்டல் ஹாலைடு என்ற பளீரென்று எரியும் பல்பு விளக்கு தொங்கும். ஒரே புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம் என்பதால், தண்ணீர் அசையும்போது மணலில் வெயில் நெளிவது போலவே இருக்கும். டியூப் லைட்டில் அந்த நெளிவு வராது. நகரத்தில் ஒரு லாட்ஜ் வரவேற்பறைக்கு நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி வேண்டுமென்றார்கள். “செலவைப் பார்க்காத தம்பி, உள்ள வர்றவன் நின்னு பார்த்துட்டுத்தான் சாவி வாங்கணும்” என்றார் உரிமையாளர் அண்ணாச்சி. எனக்கு வேறென்ன வேண்டும்? 150 வாட் மெட்டல் ஹாலைடு இரண்டு மாட்டினேன். விளக்கு வெளியே தெரியாமலிருக்க மரத்தில் மூடி செய்து, விளக்கையும் சோக்கையும் அதற்குள்ளேயே வைத்தேன். அது ஜனவரி. கார்பெட் செடி தரையெல்லாம் பரவியது, ரொட்டாலா செடி சிவந்து நின்றது.

மே மாதம் ஒருநாள் விடியும் முன்பே போன். “தம்பி, மீனெல்லாம் மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடுது.” போய்ப் பார்த்தால் தெர்மாமீட்டரில் 33 டிகிரி. விளக்கு அணைந்து எட்டு மணி நேரம் ஆகியும் 33. கிரிப்டோகோரைன் இலை ஒன்றைத் தொட்டேன். வேகவைத்த கீரை மாதிரி விரலோடு வந்துவிட்டது. மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்தில் வரிசையாக நின்றன. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8 மில்லிகிராமுக்குச் சற்றுக் கூடுதலாக ஆக்சிஜன் பிடித்துவைக்கும். 33 டிகிரியில் அது 7 அளவுக்கு இறங்கிவிடும். அதே சூட்டில் மீனுக்குத் தேவையோ கூடுகிறது. போதாததற்கு இரவு முழுக்கச் செடிகளும் ஆக்சிஜனை எடுக்கின்றன. அதனால்தான் விடியற்காலையில் மூச்சு முட்டுகிறது.

“ராத்திரி பத்துக்கு இந்த ஏசியை நிறுத்திடுவோம், காலையில எட்டுக்குத்தான் போடுவோம்” என்றார் வாட்ச்மேன் பெரியவர். நான் அந்த அறையைப் பகலில் மட்டுமே பார்த்திருந்தேன்.

அன்றிரவு உட்கார்ந்து போட்ட கணக்கை இன்றும் வாடிக்கையாளர்களுக்குத் தாளில் எழுதிக் காட்டுகிறேன். 300 வாட், பத்து மணி நேரம் என்றால் 3 யூனிட். மண், கல் போக அந்தத் தொட்டியில் 200 லிட்டர் தண்ணீர். 3 யூனிட்டும் தண்ணீரிலேயே தங்கினால் 13 டிகிரி ஏறும். முழுவதும் தங்காதுதான், கண்ணாடி வழியாகவும் ஆவியாகவும் போய்விடும். ஆனால் போகும் வழியை மூடி போட்டு அடைத்தவன் நான். மெட்டல் ஹாலைடு வெளிச்சத்தோடு அகச்சிவப்புக் கதிரையும் நேராகத் தண்ணீருக்குள் அனுப்பும். சோக் வேறு உள்ளேயே கிடந்து சுட்டது.

மூடியைக் கழற்றினேன். சோக்கை வெளியே எடுத்தேன். தண்ணீரின் மேல் காற்று படும்படி சின்ன ஃபேன் இரண்டு வைத்து, ஏர் பம்ப்பையும் ஓடவிட்டேன். ஐஸ் போடலாமா என்று கேட்டார்கள், வேண்டாமென்றேன். திடீரென்று குளிர்வதும் மீனுக்கு அடிதான். ஃபேனை நான் பெரிதாக மதிக்கக் காரணம் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது கிட்டத்தட்ட முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று வறண்டிருந்தால் நன்றாக வேலை செய்யும், கடற்காற்று ஏறிப் புழுங்கும் நேரத்தில் குறையும். குறைந்த தண்ணீரை போர் தண்ணீரால் நிரப்பக் கூடாது, ஆர்ஓ தண்ணீர்தான். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கி நாளுக்கு நாள் ஏறும்.

பிறகு அந்தத் தொட்டிக்கு 54 வாட் டி5 குழல் (மெல்லிய டியூப் லைட்) இரண்டைத் தண்ணீருக்கு ஓரடி மேலே தொங்கவிட்டேன். சில வருடம் கழித்து 80 வாட் எல்இடி. ஏழு மணி நேரம் எரிந்தால் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். ஒரு லிட்டர் ஆவியானாலே அந்தச் சூடு போய்விடும். எல்இடியில் சூடே இல்லை என்று சொல்லி விற்கிறார்கள், அது சரியில்லை. முதுகில் கை வைத்துப் பாருங்கள், சுடும். முன்பக்கம் வரும் வெளிச்சத்தில்தான் சூடு குறைவு. முதுகுச் சூடு மேலே போக வழி வேண்டும். கண்ணாடி மூடி மேல் அப்படியே படுக்கவைத்தால் தண்ணீரும் சூடாகும், விளக்கின் ஆயுளும் குறையும். கால் வைத்து நிறுத்துங்கள், அல்லது தொங்கவிடுங்கள்.

இன்னொரு குழப்பம் கெல்வின். “வார்ம் ஒயிட் போட்டா தண்ணி சூடாகுமா?” என்று பலர் கேட்கிறார்கள். கெல்வின் வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண். தண்ணீரின் சூட்டை அதை வைத்துச் சொல்ல முடியாது. 6500 கெல்வின் கண்ணுக்கும் நன்றாயிருக்கும், செடிக்கும் போதும். சூட்டுக்குப் பார்க்க வேண்டியது வாட்டும் மணி நேரமும்.

வெளிச்சம் கூடக் கூடச் செடிக்குப் பசி. கார்பன் டை ஆக்சைடு அதிகம் கேட்கும். சூடான தண்ணீரிலோ அதுவும் குறைவாகத்தான் கரையும். சுவாசம் வேகமாகி, செடி பகலில் சேர்த்ததை இரவில் செலவழித்துவிடும். இளைத்த செடி மேல் பாசி ஏறும். பாசியைப் பார்த்ததும் இன்னும் பெரிய விளக்காக வாங்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும். கோடையில் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். ஏப்ரலிலேயே டைமரில் ஒரு மணி நேரத்தைக் கழித்துவிடுவேன். இரவில் 30 டிகிரிக்குக் கீழே இறங்காத அறை என்றால், குளிர்ச்சி கேட்கும் கார்பெட் செடிகளை விட்டுவிட்டு அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், வாலிஸ்னேரியா என்று போய்விடுவேன். இவற்றுக்குச் சின்ன விளக்கே போதும். தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் இயந்திரம் போடலாமே என்பார்கள். போடலாம், ஆனால் அது தொட்டியிலிருந்து எடுத்த சூட்டை அதே அறையில்தான் கொட்டும். கதவடைத்த சின்ன அறையில் அதனால் லாபமில்லை.

அண்ணாச்சியின் தொட்டியில் இப்போது விளக்கு மதியம் மூன்று மணிக்கு எரிந்து இரவு பத்துக்கு அணைகிறது. ஏசி ஓடும் நேரத்துக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடும். வாட்ச்மேன் பெரியவர் விடியற்காலை ஐந்து மணிக்குத் தெர்மாமீட்டரைப் பார்த்து, அறைச் சாவி கொடுக்கும் நோட்டின் ஓரத்தில் டிகிரியை எழுதிவைக்கிறார். நான் அவரிடம் அதைக் கேட்டதில்லை, அவராக ஆரம்பித்தது. மாதம் ஒருமுறை சர்வீஸுக்குப் போகும்போது தொட்டியைப் பார்ப்பதற்கு முன் அந்த நோட்டைத்தான் வாங்கிப் பார்ப்பேன். போன மே மாதப் பக்கத்தில் 30-க்கு மேல் மூன்றே நாள் இருந்தது. மூன்றுக்கும் பக்கத்தில் ‘கரண்ட் இல்லை’ என்று எழுதியிருந்தார்.