வீட்டில் படித்துக்கொள்ளச் சொன்ன பாடம்

1986ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பில் எங்களுக்கு உயிரியல் நடத்திய ஆசிரியை, இனப்பெருக்கம் பற்றிய பகுதி வந்ததும், "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். வீட்டில் யாரிடம் கேட்பது? சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் அம்மா அந்தத் துணிகளைத் துவைத்துக் கொடியில் போட்டு, மேலே ஒரு பழைய புடவையை விரித்து மறைத்துவிடுவார். எதையும் அரை மணியில் உலர்த்திவிடும் வேலூர் வெயிலிலும், அந்தப் புடவைக்கு அடியில் இருந்தவை மாலை வரை ஈரமாகவே கிடக்கும். மாதவிலக்கைப் பற்றி 'தூரம்' என்ற ஒரு சொல்லுக்கு மேல் எவரும் பேசியதில்லை. மாதந்தோறும் வகுப்புக்கு வராத தோழிகளின் விடுப்புக் கடிதங்களில் 'காய்ச்சல்' என்றே எழுதியிருக்கும்.

2019இல், இங்கே மெல்பர்னில், 'பீரியட். எண்ட் ஆஃப் சென்டன்ஸ்' என்ற 26 நிமிட ஆவணப்படத்தைப் பார்த்தேன். கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் உருவாக்கிய இயந்திரத்தைக் கொண்டு, உத்தரப் பிரதேசத்தின் ஹாப்பூர் பகுதிக் கிராமப் பெண்கள் நாப்கின் செய்து விற்பதைச் சொல்லும் படம் அது. அதில், மாதவிலக்கு என்றால் என்ன என்று வகுப்பில் கேட்கப்பட்ட சிறுமி ஒருத்தி, எழுந்து நின்று வாய் திறக்க முடியாமல் தவிக்கிறாள். அவள் நின்ற இடத்தில் நாம் எல்லோரும் நின்றிருக்கிறோம்.

ரைகா ஜெஹ்தாப்சி இயக்கி ஆஸ்கர் பெற்ற அப்படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர்களுள் ஒருவர் குனீத் மோங்கா. டெல்லியைச் சேர்ந்த இவர், தம் இருபதுகளின் தொடக்கத்திலேயே கடன் வாங்கி ஒரு கிரிக்கெட் படம் எடுத்தார். அது வெளியான 2007இல் இந்திய அணி உலகக் கோப்பையிலிருந்து வெளியேறிவிட, படத்தைப் பள்ளிகளுக்கு எடுத்துச் சென்று திரையிட்டே போட்ட பணத்தை மீட்டார். மறு ஆண்டு சிக்யா எண்டர்டெயின்மெண்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவர் என்றே நினைத்திருந்தேன். யாருடைய கதைக்காகப் பணம் தேடி அலைய வேண்டும் என்று முடிவெடுப்பவரும் அவரே என்பதை இவர் வழியாகவே உணர்ந்தேன். மணமான சில மாதங்களிலேயே கணவனை இழந்தும் அழுகை வராத இளம்பெண்ணின் கதையான 'பக்லைட்' (2021) படத்துக்கு, நம் ஊர்ப் பக்கம் யார் துணிந்து பணம் போட்டிருப்பார்கள்?

கார்த்திகி கொன்சால்வெஸ் இயக்க, இவர் தயாரித்த 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' 2023இல் ஆஸ்கர் பெற்றது. முதுமலையில் கணவர் பொம்மனுடன் யானைக்குட்டிகளை வளர்த்த பெள்ளி, மகளை இழந்து தாம் அழுதபோது ரகு என்ற குட்டி தம் கண்ணீரைத் துடைத்ததை அதில் தமிழிலேயே சொல்கிறார். அந்த ஆண்டு விடுமுறைக்கு வேலூர் போயிருந்தபோது அம்மாவுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். அவருக்கு அப்போது 81 வயது. "அவளே பேசுறாளே" என்று வியந்தவர், படம் முடிந்த பிறகும் நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை, காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நீ சொன்னியே, அந்த நாப்கின் படம், அதையும் போடும்மா" என்றார்.